மூன்று பின் இருக்கிறது, எர்த் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சாதனங்கள் பழுது பார்ப்பது என் தொழில். மலிவாக இறக்குமதியாகி வரும் கெட்டில், ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இவற்றின் வயரையும் பிளக்கையும் பற்றி உங்கள் பத்திரிகையில் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

வாங்குபவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், எத்தனை வாட் என்று பார்க்கிறார்கள், வாரன்டி கேட்கிறார்கள். வயரைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் அபூர்வம். இது விற்பவனுக்கும் தெரியும், அதனால் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது அங்கேதான்.

இருப்பதிலேயே மோசமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளக்கில் மூன்று பின் இருக்கும், பெரிய பின் எர்த் என்று நாமும் நம்பிக்கையோடு சொருகுவோம், ஆனால் வயரை அறுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டே இழைதான் ஓடும். அந்த எர்த் பின் எதிலும் சேராமல் சும்மா பிளாஸ்டிக்கில் பதிந்து நிற்கும். உலோக உடம்பு உள்ள பொருளுக்கு எர்த் எதற்கு என்றால், உள்ளே மின்சாரம் வரும் ஃபேஸ் வயர் நழுவி உடம்பில் பட்டால் மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து ஃபியூஸ் போக வேண்டும் அல்லது எம்சிபி, அதாவது மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச், விழ வேண்டும். எர்த் இல்லை என்றால் ஒன்றும் நடக்காது, உடம்பு முழுவதும் 230 வோல்ட்டோடு அப்படியே காத்திருக்கும். மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி போட்டிருக்கிறேனே என்பார்கள். நல்லது, அது உயிரைக் காப்பாற்றலாம், ஆனால் எர்த் இல்லாத பொருளில் பெரும்பாலும் யாராவது தொட்ட பிறகுதான் அது விழும். (சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள பொருள், அதற்கு எர்த் தேவையில்லை. அந்தக் குறியையும் இஷ்டத்துக்கு அச்சடிக்கிறார்கள் என்பது வேறு கதை.)

அடுத்தது வயரின் தடிமன். 2000 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். வீட்டு மின்சாதனங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60335 இதற்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கேட்கிறது, வயர் குட்டையாக இருந்தால் 0.75 போதும் என்கிறது. வயரின் மேலுறையிலேயே இதை அச்சடித்திருப்பார்கள். 3ஜி 0.75 என்றால் மூன்று இழை, அதில் ஒன்று எர்த். ஜி இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் இருந்தால் எர்த் இழை இல்லை. அச்சில் 0.75 என்று போட்டுவிட்டு உள்ளே தலைமுடி மாதிரி நாலு கம்பி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன், வெளியே தடியாகத் தெரிவதெல்லாம் வெறும் பிளாஸ்டிக். அந்தக் கம்பியாவது செம்பா? பல நேரம் செம்பு முலாம் பூசிய அலுமினியம், கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிடச் சுமார் 1.6 மடங்கு, மடக்கி மடக்கி விரித்தால் சீக்கிரம் ஒடியவும் செய்யும். இதைவிடக் கேவலம் முலாம் பூசிய இரும்பு. அதில் காந்தம் ஒட்டும், செம்பிலும் பித்தளையிலும் ஒட்டாது. பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டுப் பின்னில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், பச்சென்று ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது இரும்பு.

"மெயினில் எம்சிபி இருக்கிறதே, ஓவரானால் விழாதா" என்று கேட்கிறார்கள். விழாது, ஏனென்றால் இங்கே ஓவர் எதுவும் இல்லை. கெட்டில் எடுப்பது அதே 8.7 ஆம்ப்ஸ்தான். பின்னும் கம்பியும் சேரும் இடம் லூஸாக இருந்து, அங்கே 0.3 ஓம் தடை உண்டானால்கூட அந்தச் சின்ன இடத்தில் 23 வாட் சூடு கிளம்பும். ஒரு சால்டரிங் அயர்னைப் பிளக்குக்குள் வைத்து மூடியது மாதிரி. எம்சிபிக்கு இது தெரியவே தெரியாது. முதலில் பிளக் சூடாகும், அப்புறம் நிறம் மாறும், அப்புறம் நாற்றம் வரும். அந்த நாற்றத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் பிழைத்தார்கள்.

பிரிட்டனில் 1947இல் வந்த பிஎஸ் 1363 என்ற தரத்தின்படி செய்யும் பிளக்கில் உள்ளேயே ஃபியூஸ் உண்டு. நல்ல யோசனைதான். அதற்கும் போலி வந்துவிட்டது, ஃபியூஸே இல்லாமல். அதில் எர்த் பின்னுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் பார்த்தவுடனேயே ஒதுக்கிவிடலாம், தரப்படி உறை மற்ற இரண்டு பின்னுக்கு மட்டும்தான். எந்தப் பிளக்கும் போகும் என்று விற்கிறார்களே யுனிவர்சல் சாக்கெட், அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கவாட்டில் எர்த் தகடு உள்ள ஐரோப்பியப் பிளக்கை அதில் சொருகினால் பொருள் ஓடும், எர்த் மட்டும் எங்கும் தொடாது.

இறக்குமதிப் பொருள் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாகச் செய்யத் தெரிந்த தொழிற்சாலைதான் மட்டமாகவும் செய்துகொடுக்கிறது, ஆர்டர் கொடுப்பவர் கேட்பதைப் பொறுத்து. அதனால் என் கோபம் தொழிற்சாலை மேல் இல்லை, இடையில் நிற்கும் இறக்குமதியாளர் மேல். பெட்டியில் சிஇ முத்திரை, அதாவது ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்ற குறி, இருக்கிறது என்று காட்டுவார்கள். இந்த மாதிரிப் பொருட்களில் பெரும்பாலும் அது தயாரித்தவர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் உறுதிமொழிதான், வெளியாள் யாரும் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/35 விதிப்படி இறக்குமதி செய்பவரின் பெயரும் முகவரியும் பொருளில் இருக்க வேண்டும், பொருளில் இடமில்லை என்றால் பெட்டியிலாவது. நியாயமான விதி. எங்கும் இதைக் கேட்க வேண்டும், அதோடு தயாரித்தவரைப் போலவே இறக்குமதி செய்தவரும் பொறுப்பு என்று சட்டம் சொல்ல வேண்டும், ஆன்லைனில் விற்கும் தளங்களையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு சரக்கிலும் சிலவற்றை எடுத்து வயரை அறுத்துப் பார்க்க எவ்வளவு நேரமாகிவிடும்?

அதுவரை வாங்குபவர்கள் ஒன்று செய்யலாம். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, சொருகாத நிலையில், எர்த் பின்னுக்கும் பொருளின் உலோகப் பகுதிக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பீப் வரவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. தீ விபத்துச் செய்தி வரும்போது "மின்கசிவே காரணம்" என்ற ஒரு வரியோடு முடித்துவிடாதீர்கள். எந்தப் பொருள், யார் இறக்குமதி செய்தது, பிளக்கில் தொடங்கியதா வயரில் தொடங்கியதா என்று நிருபர்கள் கேட்டு எழுதட்டும். அதிகாரிகளிடம் பதில் இல்லை என்றால் பதில் இல்லை என்றே அச்சில் போடுங்கள்.

இப்படிக்கு,
மின்சாதனம் பழுது பார்க்கும் ஒரு வாசகர்