அம்பாசடரின் 'டக் டக்': இன்ஜினைப் பிரிக்கும் முன் ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் அனுப்பிய, உங்கள் அம்பாசடர் இன்ஜினின் 'டக் டக்' ஒலிப்பதிவைக் கேட்டேன். சித்தூர்ப் பட்டறையில் "பிக் எண்ட் போச்சு, கிராங்க் அரைக்கணும்" என்கிறார்கள். கிராங்க் என்பது இன்ஜினின் அடியில் சுற்றும் முக்கிய அச்சு, பிக் எண்ட் என்பது பிஸ்டன் தண்டு அதைப் பிடிக்கும் பேரிங். பொள்ளாச்சியில் "வெறும் டேப்பெட்தான்" என்கிறார்கள், அதாவது மேலே வால்வைத் தட்டும் பகுதியின் இடைவெளி மட்டும்தான் கோளாறு என்று. போன் பதிவை வைத்து மூன்றாவதாக நானும் ஒரு தீர்ப்புச் சொல்லக் கூடாது. போன் மைக் கனத்த சத்தத்தைச் சரியாகப் பிடிக்காது. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் 'தொம் தொம்' என்று அடித்தாலும் பதிவில் சன்னமாகத்தான் விழும். அதனால் வண்டியை வைத்தே கண்டுபிடிப்போம். இன்ஜினைப் பிரிக்காமலே பாதிக்கு மேல் தெரிந்துவிடும். அதுவரை சம்ப்பில் (அடி ஆயில் தொட்டியில்) யாரும் ஸ்பேனர் வைக்க வேண்டாம்.

முதலில் ஆயில் பிரஷர். டேஷ்போர்டு விளக்கு அணைந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விளக்கு மிகக் குறைந்த பிரஷரிலேயே அணைந்துவிடும், அதை நம்ப முடியாது. பிளாக்கில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். நன்றாகச் சூடான 1489 சிசி இன்ஜின் ஓட்டத்தில் சுமார் 50 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். ஐட்லிங்கில் அது இறங்குவது இயல்பு. ஓட்டத்திலேயே பாதிக்குக் கீழே நின்றால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். மீதிச் சோதனை எதற்காகவும் ஓட்ட வேண்டாம். பிரஷர் சரியாக இருந்தால் பதற்றமில்லாமல் மேலே போகலாம்.

அடுத்து, சத்தத்தின் தாளம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் அச்சான கேம் ஒரு சுற்று. வால்வு, அதை அமுக்கும் ராக்கர், ராக்கரைத் தள்ளும் புஷ் ராட், பெட்ரோல் பம்ப் எல்லாம் கேம் வேகத்தில் தட்டும். பிக் எண்ட், மெயின் பேரிங், கிராங்க் புல்லி எல்லாம் கிராங்க் வேகத்தில். டைமிங் லைட் (பிளக் பொறிக்கேற்ப மின்னும் விளக்கு) இருக்கிறவரிடம் அரை மணி நேரம் இரவல் வாங்கி முதல் பிளக் வயரில் மாட்டுங்கள். இரண்டு கிராங்க் சுற்றுக்கு ஒருமுறை அது மின்னும். ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்து, வண்டி நிற்காத அளவுக்கு மெதுவாக ஓடவிட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே காதைக் கொடுங்கள். மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் மேல்பகுதி, இரண்டு தட்டு என்றால் கீழ்ப்பகுதி. இரண்டு பட்டறைக்கும் நடுவே உள்ள வழக்கு இங்கேயே ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

பிறகு வெளியே தொங்கும் உறுப்புகள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் வாட்டர் பம்ப் பேரிங், டைனமோ, ஃபேன் போல்ட்டு இவற்றில் ஒன்று. நிற்கவில்லை என்றால் இன்ஜினை அணைத்து, கிராங்க் புல்லியைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நட் தளர்ந்து, அச்சோடு பூட்டும் சாவித் துண்டு தேய்ந்த புல்லி, அச்சு அசலாகப் பிக் எண்ட் போலவே அடிக்கும். ஒரு நட்டை முறுக்கினால் போகிற சத்தத்துக்குக் கிராங்கை அரைத்த வண்டிகள் உண்டு.

மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். அதன் கை கேம் மீது உரசி ஓடுகிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் கேமை விட்டு எழும்பி எழும்பித் தட்டும். டேப்பெட் என்று சத்தியம் செய்யலாம் போல இருக்கும். குளிர்ந்த இன்ஜினில் பம்ப்பைக் கழற்றி, டியூப் வாயை இறுக அடைத்து, பிளாக்கில் உள்ள துளையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடுங்கள். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, காய்ந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கார்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலிலேயே சோதிக்கும் அளவுக்குச் சிறிது நேரம் ஓடும். அதற்குள் விடை கிடைத்துவிடும்.

காலையில் அதிகமாகி, சூடேறியதும் குறைகிற 'டிக் டிக்' என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் பாருங்கள். கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும்.

இனி டேப்பெட். உங்களுடையது பழைய 1489 இன்ஜின், பின்னால் வந்த ஐசுஸு 1.8 அல்ல. அதனால் ஒன்பதின் கணக்கு செல்லும். ரேடியேட்டர் பக்கமிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். எட்டாவது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது முதலாவதைச் சரிபாருங்கள். ஏழு அமுங்கினால் இரண்டு, ஆறு என்றால் மூன்று, ஐந்து என்றால் நான்கு, அப்படியே திருப்பியும். கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். கையேடு சொல்லும் சூட்டில் வையுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பிறகு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை) மறுபடி விட்டுப் பார்ப்பது கட்டாயம்.

இத்தனையும் சரியாகச் செய்தும் சில வண்டிகளில் டேப்பெட் சத்தம் போகாது, அதற்குக் காரணம் ஒன்று உண்டு. ராக்கரின் முனை, வால்வுத் தண்டு தொடும் இடத்தில், வருடக்கணக்கில் அடிபட்டுக் குழிந்துபோயிருக்கும். ஃபீலர் கேஜ் தகடு வளையாமல் அந்தக் குழியின் இரு கரையிலும் பாலம் போல நிற்கும். நீங்கள் 0.015 வைத்ததாக நினைப்பீர்கள், உள்ளே அதைவிடக் கூடுதலாக இருக்கும். ராக்கரைக் கழற்றி முனையை விரலால் தடவினால் குழி நகத்தில் தட்டும். கூடவே ராக்கர் ஷாஃப்டின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள், அங்கேதான் தேய்மானம் விழும். ஷாஃப்டும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றாமல் இடைவெளியை மட்டும் குறைத்துச் சத்தத்தை அடக்காதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க உட்காராமல் எரிந்துபோகும்.

மின்னலுக்கு இரண்டு தட்டு என்று வந்தால்தான் கீழ்ப்பகுதிச் சோதனை. ரப்பர் பிடி போட்ட பிளையரால் ஒவ்வொரு பிளக் வயராக எடுத்து பிளாக்கில் எர்த் கொடுங்கள். வயரை அந்தரத்தில் விட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும் காயிலுக்கும் கேடு, உங்கள் கைக்கும் ஷாக். ஒரு சிலிண்டரை அறுத்ததும் தட்டு நன்றாகக் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் பிக் எண்ட் மீது சந்தேகம். எதை அறுத்தாலும் மாறவில்லை என்றால் மறுபடி புல்லிக்கும் ஃப்ளைவீலுக்கும் திரும்புங்கள். கிளட்ச்சை மிதித்ததும் தட்டு மறைந்தால் கிராங்க் முன்பின் ஆடுகிறது. அந்த ஆட்டத்தைத் தடுக்க நடு மெயின் பேரிங்கில் உள்ள த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கும்.

காது வைக்க நீண்ட ஸ்க்ரூ டிரைவர் போதும். நுனி இன்ஜினில், பிடி காதோரத்தில். பிளாக் முழுவதும் ஒரே வார்ப்பு என்பதால் சத்தம் ஓடும். உரக்கக் கேட்கும் இடமே பிறப்பிடம் என்று முடிவு கட்டக் கூடாது. நம் பக்கத்தில் வேட்டியோடு பானெட்டுக்குள் குனியும் பழக்கம் இருக்கிறது. இந்த வேலைக்கு பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஃபேன் வேட்டி நுனியைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும்.

நெல்லியாம்பதி ஏற்றத்தில் மட்டும் சில்லறை குலுக்குவது போல ஒன்று கேட்கிறது என்றீர்களே, அது வேறு சங்கதி, சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் சத்தம். பெரும்பாலும் இக்னிஷன் டைமிங் முன்னால் போயிருக்கும், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொடுங்கள், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். அது தீரும்வரை ஏற்றத்தில் டாப் கியரில் திணறவிடாமல் கியரைக் குறைத்து ஏறுங்கள். அந்த வெடிப்பு பிஸ்டனைத் தின்றுவிடும்.

சத்தத்தை அடக்கக் கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தேய்மானம் அப்படியே இருக்கும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே ஏறத்தான் தாமதமாகும். கோவையில் பழைய இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்கும் அவசரப்பட வேண்டாம். பிளாக் மாறினால் ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணையும் மாற்றியாக வேண்டும்.

கடைசியில் சம்ப்பை இறக்கியே தீர வேண்டும் என்று வந்தால் பக்கத்தில் நில்லுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டச் சொல்லுங்கள். செம்பு நிறத் துகள் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய்விட்டது. கழற்றிய பேரிங்கைத் தூக்கி எறிய விடாதீர்கள். அதன் முதுகில் அளவு பொறித்திருக்கும்: 010, 020, 030, 040 (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது என்று). கிராங்க் இதற்கு முன் எவ்வளவு அரைக்கப்பட்டிருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். 040 என்று இருந்தால் இன்னொரு முறை அரைக்க இடமில்லை, வேறு கிராங்க்தான் தேட வேண்டும். குறைவாக இருந்தாலும் ஜர்னலை (கிராங்கில் பேரிங் உட்காரும் இடத்தை) மைக்ரோமீட்டரில் இரண்டு திசையிலும் அளந்து, கோழிமுட்டையாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே புதுப் பேரிங் வாங்குங்கள்.

டைமிங் லைட் சோதனையையும் பம்ப் சோதனையையும் முடித்துவிட்டு என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்