மாராவுக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள கயல்,

ஆகஸ்டில் நீயும் மாப்பிள்ளையும் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போக டிக்கெட் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். துணி எடுத்துவைக்கும் முன் இரண்டு வேலை முடித்துவிடு.

முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவுக்குள் நுழையும்போது இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்களிடம் அதைக் கேட்பதில்லை. ஊர் திரும்பும்போதுதான் கேட்பார்கள். ஊசி போட்டதற்கான சான்று அட்டை இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே அட்டை செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அடுத்தது மலேரியா மாத்திரை. உங்களுக்கு எது ஒத்துவரும் என்று டாக்டரைக் கேள். ஊர் வந்ததும் நிறுத்திவிடாதே. மாத்திரையைப் பொறுத்து ஒரு வாரமோ நாலு வாரமோ தொடர வேண்டும். ஈரலில் பதுங்கியிருக்கும் கிருமி மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வரும்.

நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் போகும் குட்டி விமானத்தில் கைப்பையையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான். கெட்டிப் பெட்டி அதன் வயிற்றுக்குள் நுழையாது, துணிப்பையாக எடுத்துப்போ. கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. முறுக்கு, தட்டை எதுவானாலும் டப்பாவில் போட்டுக்கொள்.

ஆப்பிரிக்கா என்றதும் வெயில் என்று நினைத்துவிடாதே. மாரா கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. விடியற்காலையில் கூரை திறந்த வண்டியில் காற்று முகத்தில் அறையும். ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட், காதை மூடும் தொப்பி மூன்றும் வேண்டும். கருநீலமும் கறுப்பும் வேண்டாம். செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து துணிக்கு மேலேயே கடிக்கும்.

காலை 6 மணிக்குக் காப்பகத்தின் வாசலில் நிற்கிற மாதிரி கிளம்புங்கள். நுழைவுச் சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான். ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு நாள் ஒன்றுக்கு ஆளுக்கு 200 டாலர். அதில் விலை மதிப்புள்ளது முதல் மூன்று மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும். உச்சிவேளையில் சிங்கம் புதருக்கடியில் மல்லாந்து கிடக்கும்.

டிரைவரை விரட்டாதீர்கள். "சிங்கம் எங்கே, சிறுத்தை எங்கே" என்று நச்சரித்தால் அவர் ரேடியோவில் கேட்ட இடத்துக்கெல்லாம் ஓட்டுவார், உங்களுக்குப் புழுதிதான் மிஞ்சும். நீங்களே பாருங்கள். மான்கள் மேய்ச்சலை விட்டு எல்லாம் ஒரே திசையில் தலைதூக்கி நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது. அத்திமரத்தில் படுக்கைவாட்டமான கிளைக்குக் கீழே வால் ஒன்று தொங்கினால் அது சிறுத்தை. கரையான் புற்றின் மேல் ஏறி நின்று பார்ப்பது சிவிங்கிப்புலி. நம் பத்திரிகைகளிலேயே இரண்டையும் குழப்புகிறார்கள். சிவிங்கிப்புலிக்குக் கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்தது போல் கறுப்புக் கோடு உண்டு, சிறுத்தைக்குக் கிடையாது.

விலங்குகள் ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு ஒரு முழுநாளை ஒதுக்கு. வில்டபீஸ்ட் என்ற, மாடு போலத் தோன்றும் மான் கூட்டம் மாரா ஆற்றங்கரைக்கு வந்து குவியும். முன்னால் நிற்பது சரிவில் ஒரு கால் வைக்கும், தண்ணீரை முகர்ந்து பார்க்கும், சட்டென்று திரும்பி ஓடும். பின்னாலேயே அத்தனையும் ஓடும். இப்படியே மூன்று மணி நேரம் போகலாம், கடக்காமலே மேயப் போய்விடவும் செய்யும். பெரும்பாலும் கெடுப்பது வண்டிகள்தான்: இறங்கும் பாதையை மறித்துக் கரையோரத்தில் நின்றால் கூட்டம் மிரளும். முதல் சில விலங்குகள் நீரில் இறங்கும்வரை தள்ளியே நிறுத்தச் சொல். பக்கத்தில் பத்து வண்டி முந்தினாலும் நீங்கள் முந்த வேண்டாம். அந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இரு. கழிப்பறை தேவைப்பட்டால் கூச்சப்படாமல் டிரைவரிடம் சொல். அவர் புதரைச் சோதித்த பிறகு, வண்டியை ஒட்டியே.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று, 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) போதும். ஒன்றை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் விலங்கு போய்விடும். கேமராவுக்கு ஸ்டாண்டு வேண்டாம். காலித் துணிப்பை ஒன்று கொண்டுபோய் அங்கே அரிசி நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொள். எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுப் படம் எடு, இல்லாவிட்டால் அதிர்வில் கலங்கும். வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதே.

மாராவுக்கு மேலே பறக்கும் பலூன் சவாரிக்கு ஆளுக்கு 450, 500 டாலர் ஆகும், பறப்பது ஒரு மணி நேரம். முதல் நாள் காலைக்கே பதிவு செய், காற்று சரியில்லை என்று ரத்தானால் மறுநாள் கிடைக்கும். இறங்கும்போது முழங்காலை மடக்கி, கயிற்றைப் பிடித்து, கூடை முழுதாக நிற்கும்வரை உட்கார்ந்தே இரு. கூடை சாய்ந்து இழுபடுவது வழக்கம்தான், பயப்படாதே.

பலூனா நடையா என்று கேட்டால் நடை என்பேன். ரிசர்வுக்குள் நடக்கவும் இரவில் வண்டியில் சுற்றவும் அனுமதி இல்லை. அதை ஒட்டிய நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற தனிக் காப்பகங்களில் உண்டு. துப்பாக்கிக்காரருக்குப் பின்னால் ஒற்றை வரிசையில், பேசாமல் நடக்க வேண்டும். எது வந்தாலும் ஓடக் கூடாது. வண்டியிலிருந்து தெரியாததெல்லாம் அங்கே காலடியில் கிடக்கும். சிங்கத்தின் தடத்தில் நகம் பதியாது, கழுதைப்புலியின் தடத்தில் பதியும். அதன் எச்சம் காய்ந்தால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும், அவ்வளவும் தின்ற எலும்பு. ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்.

ஊசிக்கு எந்தத் தேதி கிடைத்தது என்று எழுது. அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வை.

அன்புடன்,
அப்பா