நீல பிளாக் அக்காவுக்கு

அக்கா,

ஜூன் மாதம் நான்கு நாள் சிங்கப்பூரில் இருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. பூகிஸ் பக்கம்தான் தங்கினேன். அங்கிருந்து நீங்கள் இப்போது இருக்கும் காலாங் இரண்டே ஸ்டேஷன். யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருமுன் நானே எழுதிவிடுகிறேன்.

வேலை நெருக்கடி என்று சொல்லலாம். ஆனால் ஒரு மாலை முழுக்கச் சும்மாதான் சுற்றினேன்.

நாம் குடியிருந்த அடுக்குமாடி, ரோச்சோர் சென்டர் இருந்த இடத்துக்குப் போனேன். 2018-ல் இடிக்கும்போது நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்திருக்கிறேன் (பதில் போடவில்லை, சரி). இருந்தாலும் சிம் லிம் பக்கம் திரும்பியதும் கண் தானாக மேலே போய் நம் நீல பிளாக்கைத் தேடியது. மஞ்சள், பச்சை, ஆரஞ்சு எதுவுமில்லை. விரைவுச்சாலைச் சுரங்கத்துக்காகத் தடுப்பு போட்டிருக்கிறார்கள்.

அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது வீடு இல்லை, அந்த ஃபேன். எனக்கு வேலை போன மாதம். அறை புழுங்குகிறது என்று நான் வாய் திறக்கவேயில்லை. நீங்களே சுங்கை ரோடு சந்தைக்கு இழுத்துப் போனீர்கள். (அதுவும் 2017 ஜூலையோடு போயிற்றே.) தார்ப்பாயில் செருப்பு, கைக்கடிகாரம், ரிமோட் எல்லாம் பரப்பியிருந்த சீனத் தாத்தா பன்னிரண்டு வெள்ளி என்றார். "மஹால் லா, அங்கிள்" (மலாயில் விலை அதிகம்) என்று நீங்கள் நடையைக் கட்ட, நான் வெட்கப்பட்டு நாலடி தள்ளி நின்றேன். எட்டு வெள்ளிக்குப் படிந்தது. பாதி வழியில் மழை. இருந்த ஒரே குடையை ஃபேனுக்குப் பிடித்தீர்கள். "நாம நனைஞ்சா காஞ்சுடும். மோட்டார் நனைஞ்சா எட்டு வெள்ளி போச்சு."

அந்த மூன்று மாத வாடகையை நீங்கள் கேட்கவில்லை. அப்பாவும் இதைப் படிப்பார்; வாடகை தராமல் இருந்தேன் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. தொகையாவது தெரியாமல் இருக்கட்டும். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

கொடுத்தும் அது தீரவில்லையே, அக்கா. தீபாவளிக்கு வந்தவர்கள், கோயிலில் பார்த்தவர்கள், எல்லாரிடமும் "இந்தப் பிள்ளைக்கு மூணு மாசம் சோறு போட்டேன்." நான் முறுக்குத் தட்டோடு நின்றுகொண்டிருப்பேன். ஃபேன் கதையும் வரும். நான் தள்ளி நின்றதுதான் அதில் சிரிப்பு. ஊருக்குக் கிளம்பியபோது ஏர்போர்ட் வருகிறேன் என்றீர்கள். விமான நேரத்தை மாற்றிச் சொன்னேன். தப்புதான், மன்னித்துவிடுங்கள். ஆனால் வந்திருந்தால் அங்கேயும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அது உங்கள் தம்பி விஷயம். நாலு பேர் படிக்கிற இடத்தில் வேண்டாம்.

அப்புறம் வாட்டர்லூ ஸ்ட்ரீட் கிருஷ்ணன் கோயிலுக்குப் போனேன். பக்கத்துக் குவான் இம் கோயிலில் கும்பிட்ட கையோடு சீனப் பாட்டிகள் இங்கேயும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள், முன்பு போலவே. சந்நிதியருகே உங்கள் நடையில் ஒருவர். சட்டென்று தூணுக்குப் பின்னால் போய்விட்டேன், இந்த வயதில். நீங்கள் இல்லை. அதற்கு அழுகை ஏன் வந்தது என்று கேட்காதீர்கள்.

ஜனவரியில் மறுபடி வேலையாக வருகிறேன். இந்தத் தடவை காலாங் வருவேன். கூடத்தில் வேறு ஆட்கள் இருந்தால் அந்தக் கதையை எடுக்காதீர்கள். எடுத்தால் குடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை எப்போதும் விட்டுவிடுகிறீர்கள்.