யாரும் தள்ளி விடவில்லை, தட்சிணா

கடலூர், மஞ்சக்குப்பம்
வெள்ளி இரவு

அன்புள்ள தட்சிணா,

பதினாலு மாதம் ஆயிற்று. நீ கணக்கு வைத்திருப்பாய் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிட்டேன். உன் கடைசிக் கடிதம் வந்த வாரம்தான் பெஞ்சல் புயல் வெள்ளம். பெண்ணையாற்றுத் தண்ணீர் கடைக்குள் முழங்கால் வரை நின்றது; கீழ்த்தட்டு ஃப்ரேம் எல்லாம் போயிற்று. உன் கடிதத்தைக் காயவைத்துப் பத்திரமாக எடுத்து வைத்தேன். பதில்தான் எழுதவில்லை. கோபப்படு, முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பெரியவள் நெய்வேலியில்தான் இருக்கிறாள். பாய் கடையை மகனிடம் கொடுத்துவிட்டுக் காலையில் சில்வர் பீச்சில் நடக்கிறார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சாம்பார் வாளியை அவர் இன்னும் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என் வலக் கண்ணில் லேசர் வைத்தார்கள். பதறாதே, பார்வை இருக்கிறது, இந்தக் கடிதத்தை நானேதான் எழுதுகிறேன். எல்லாம் சர்க்கரை செய்த வேலை. விழித்திரையின் ஓரத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, அதை ஈடுகட்டப் புதுக் குழாய்கள் முளைத்திருக்கின்றன. நொய்ந்த குழாய்கள், எப்போது வேண்டுமானாலும் உடைந்து கண்ணுக்குள்ளேயே ரத்தம் கசியும். ஓரத்து விழித்திரையைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுவிட்டால் அந்த இடம் ஆக்சிஜன் கேட்பது குறையும், புதுக் குழாயும் வாடிவிடும். நடுப்பார்வையைக் காப்பாற்ற ஓரத்தைக் கொடுக்க வேண்டும். டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. 36 வருஷமாக ஊருக்கே கண்ணாடி போட்டுக் கொடுத்தவன், என் கண்ணை யாரிடமும் காட்டாமலே இருந்திருக்கிறேன்.

புதுச்சேரியில்தான் வைத்துக்கொண்டேன். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை அகல விரித்து, கருவிழி மேல் ஜெல் தடவி ஒரு லென்ஸைப் பொருத்தி, தாடையை வைத்து நெற்றியை அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள். அப்புறம் பச்சை. சொடுக்குச் சொடுக்காகப் பச்சை. அறுநூறு சொச்சம் புள்ளி, இது முதல் தவணை. என்ன லேசர் என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். "532, சார்" என்றார். 532 நானோமீட்டர் அலைநீளம்.

அந்த நாற்காலியில் வலியை விட எனக்கு வேறொன்று உறுத்தியது. இந்தப் பச்சை வெளிச்சம் கருவிழியைக் கடந்து, லென்ஸைக் கடந்து, உள்ளே ததும்புகிற கண்ணாடி போன்ற கூழைக் கடந்து வருகிறது. வழியில் ஒன்றையும் சுடவில்லை. விழித்திரைக்கு அடியில் இருக்கிற கறுப்பு நிறமியைத் தொட்டதும் சுடுகிறது. அதே வெளிச்சம்தானே? ஒன்று வழிவிடுகிறது, இன்னொன்று விழுங்கிவிடுகிறது. எது தீர்மானிக்கிறது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி. அரியாங்குப்பம், கன்னியக்கோயில் எல்லாம் ஒரே ஊதாச் சிவப்பாகத் தெரிந்தது. பச்சையை அவ்வளவு பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தும், பெண்ணையாற்றுப் பாலம் வருகிறவரை நெஞ்சு அடித்துக்கொண்டேதான் இருந்தது.

அந்த வாரம் பேத்தி வந்திருந்தாள். பத்தாவது. ஒளிவிலகல் பாடம் படித்துக்கொண்டே கேட்டாள்: "தாத்தா, வெளிச்சம் கண்ணாடிக்குள்ள போனா மெதுவாயிடுதுன்னு போட்டிருக்கு. சரி. வெளியே வந்ததும் பழைய வேகத்துக்கு வந்துடுதே, யாரு தள்ளி விடறா?"

கிரவுன் கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் 1.523. இந்த எண்ணை வைத்துத்தான் நான் இத்தனை வருஷம் சோறு தின்றேன். வெளிச்சம் வெளியே நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது, கண்ணாடிக்குள் போனால் 1.97 லட்சம் என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். யார் தள்ளி விடுகிறார் என்று தெரியாது. நீ உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் சொன்ன அதே பஸ் கதையை எடுத்து விட்டேன். வெளிச்சத்தை ஒரு அணு விழுங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து துப்பும், அடுத்த அணு விழுங்கும். ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று போகிற டவுன் பஸ் மாதிரி தாமதம். அவள் தலையாட்டிவிட்டுத் தூங்கப் போனாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. விழுங்கித் துப்புகிற அணுவுக்கு எந்தப் பக்கம் துப்ப வேண்டும் என்று என்ன கட்டாயம்? நாலா பக்கமும் சிதறியிருக்க வேண்டாமா? சிதறினால் கண்ணாடி பால் மாதிரி வெளுத்துத்தானே இருக்கும்? நான் குழந்தைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன், தட்சிணா. நீயும் தப்பாகத்தான் சொன்னாய்.

இதை நாலு ராத்திரி தோண்டினேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், எங்கே இடறுகிறது என்று நீ சொல்.

மார்கழி பஜனையை நினைத்துக்கொள். முன்னால் ஒருவர் பாடுகிறார், பின்னால் ஐம்பது பேர் அதே வரியை வாங்கிப் பாடுகிறார்கள், ஒரு இழை பிந்தி. தெருக்கோடியில் நிற்கிறவன் காதில் இரண்டும் கலந்து ஒரே பாட்டாக விழுகிறது. அந்தக் கலந்த பாட்டு கொஞ்சம் பிந்தியதாகக் கேட்கிறது. முன்பாட்டுக்காரர் ஒரு கணமும் வேகம் குறைக்கவில்லை. கண்ணாடிக்குள்ளும் இதுதான். வெளிச்சம் என்பது ஆடுகிற மின்புலம். அது கண்ணாடியின் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடுகிற எலக்ட்ரான் ஒவ்வொன்றும் அதே தாளத்தில் தன் பங்குக்கு ஒரு சிற்றலையை விடுகிறது, சற்றே பிந்தி. மூல அலையும் கோடானுகோடிச் சிற்றலைகளும் கூடினால் முன்பக்கமாக ஒரே அலை, 1.523 மடங்கு மெதுவாக நகர்கிறது. நெருக்கமாக, சீராக நிரம்பிய கூட்டம் என்பதால் பக்கவாட்டில் போவதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகிறது. கண்ணாடி முடிகிற இடத்தில் பின்பாட்டு நின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பது பழைய வேகம்தான். யாரும் தள்ளி விடவில்லை. யாரும் பிடித்து நிறுத்தவும் இல்லை.

காலையில் இதைப் பேத்தியிடம் சொன்னேன். தட்டில் தோசையை வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்போ கண்ணாடி சும்மா இல்ல, கூடப் பாடுது" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 36 வருஷமாக நான் துடைத்துக் கொடுத்த ஒவ்வொரு லென்ஸும் கூடப் பாடியிருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் கடையில் நான் பார்த்த எத்தனையோ விஷயம் தன்னால் அவிழ்கிறது. கண்ணாடி எலக்ட்ரானுக்கென்று ஒரு சொந்தத் தாளம் உண்டு. அது புற ஊதாவில் இருக்கிறது. நீலம் அதற்குக் கொஞ்சம் பக்கம், சிவப்பு தூரம். பக்கத்துத் தாளத்துக்கு எலக்ட்ரான் அதிகமாக ஆடும், அதனால் நீலம் அதிகம் பிந்துகிறது, அதிகம் வளைகிறது. கல்லூரி ஆய்வகத்து மூன்றாவது மேஜையில் நீயும் நானும் பட்டகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோமே, அவ்வளவு நிறமும் இதிலிருந்துதான். பாலிகார்பனேட் லென்ஸ் வாங்கிப் போனவர்கள் ஓரத்தில் கலர் அடிக்கிறது என்று திரும்பி வருவார்கள். வரத்தான் செய்யும், அதன் அபே எண் 30, கிரவுனுக்கு 58-க்கு மேல். எண் குறையக் குறைய நிறங்கள் பிரிந்து விழும். உடையாது, லேசு என்று விற்கிறோம், இதையும் சொல்லி விற்க வேண்டும். நான் இப்போது சொல்கிறேன்.

வெயிலில் கறுக்கிற கண்ணாடியும் அப்படித்தான். உள்ளே வெள்ளி உப்புத் துணுக்குகள். புற ஊதா பட்டதும் எலக்ட்ரான் இடம் மாறி வெள்ளி அணுக்கள் பிறக்கின்றன, அவை வெளிச்சத்தைக் குடிக்கின்றன. நிழலுக்கு வந்தால் பழையபடி உப்பாகின்றன. திரும்புகிற வேலையைச் சூடு விரைவுபடுத்தும். அதனால்தான் ஊட்டியில் நன்றாகக் கறுத்தது நம் ஊர் வெயிலில் அவ்வளவு கறுப்பதில்லை. இதற்காக ஒருவர் என்னோடு பெரிய சண்டையே போட்டிருக்கிறார்.

என் கண்ணுக்கு வருகிறேன். கண்ணாடியானாலும் கருவிழியானாலும், பச்சை அங்கே எலக்ட்ரானை ஆட்டத்தான் முடிகிறது, மேல் படிக்கு ஏற்ற முடியாது. ஒளி சில்லறையாகத்தான் வரும் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னார் இல்லையா? படி ஏற முழுக் காசு வேண்டும். பச்சைச் சில்லறை போதாது, பாக்கி வைக்கவும் முடியாது. விழித்திரைக்கு அடியில் இருக்கிற மெலனினுக்கும் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கும் அந்தக் காசு பொருந்துகிறது. வாங்கிக்கொள்கின்றன, சூடாகின்றன, சுடுகின்றன. எந்தப் பொருளில் எந்தப் படி எவ்வளவு உயரம், அவ்வளவுதான் கேள்வி. ஒன்றின் வழியாகப் பார்க்க முடிவதும் ஒன்று வெந்துபோவதும் இதே கணக்கு.

532 வருகிற வழியைக் கேள். அந்த வகைக் கருவியில் பெரும்பாலும் முதலில் பிறப்பது கண்ணுக்கே தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு. அதை ஒரு படிகத்துக்குள் விட்டால் இரண்டு இரண்டாகக் கூடிப் பச்சையாக வெளியே வருகிறது. திருவிழா ஒலிபெருக்கியை முழுக்கத் திருகினால் பாட்டில் இல்லாத கீச்சுக் குரல் வருமே, அதேதான். மெல்ல ஆட்டினால் எலக்ட்ரான் சொன்னபடி ஆடும். பலமாக ஆட்டினால் ஆட்டம் கோணி, இரட்டைத் தாளமும் பிறக்கும். லேசர் வந்த மறு வருஷமே, 1961-இல், பிராங்கன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் மிச்சிகனில் இதைச் செய்துகாட்டினார்கள். ரூபி லேசரின் சிவப்பைக் குவார்ட்ஸில் விட்டுப் புற ஊதாவைப் பிடித்தார்கள். படத்தட்டில் அது ஒரு சின்னப் புள்ளி. அச்சிட்டவர்கள் அதைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள். கட்டுரை புள்ளியில்லாத படத்தோடு வெளிவந்தது. தினமும் லென்ஸில் தூசி துடைக்கிறவன் நான். இதைப் படித்த பிறகு துணியை எடுக்கும்போதெல்லாம் கை ஒரு நொடி நிற்கிறது.

பஜனையின் உச்சமும் ஒன்று உண்டு. 1999-இல் லேனே ஹௌ என்ற அம்மையாரின் குழு, தனிச்சுழி வெப்பநிலைக்குப் பக்கமாகக் குளிரவைத்த சோடியம் அணுக்களுக்குள் ஒளித்துடிப்பை நொடிக்கு 17 மீட்டருக்கு இறக்கினார்கள். நம் ஆய்வகத்து மஞ்சள் விளக்கில் எரிந்த அதே சோடியம்! அந்த வேகத்தில் வெளிச்சம் இங்கிருந்து புதுச்சேரி போய்ச் சேர இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

நேற்றுச் சாயங்காலம் தேவனாம்பட்டினம் போனேன், நம் கல்லூரியைத் தாண்டி. ஒரு கண்ணை மூடிக் கடலைப் பார்த்தேன், மற்றதை மூடிப் பார்த்தேன். வலக் கண்ணுக்கு நீலம் சற்று மங்கல். 1921-இல் கப்பலில் வந்த ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தால் மேல்பரப்புப் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. வானத்தின் நிழல் இல்லை, தண்ணீரே செய்கிற வேலை என்று அங்கே பிடித்த நூல்தான் 1928-இல் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது: சிதறுகிற ஒளியில் மிக மிகச் சிறு பங்கு, மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு நிறம் மாறி வருகிறது. நம் பழைய சண்டையில் நான் இறங்கி வருகிறேன். நேச்சரில் வந்த அந்தக் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. 1930 நோபல் பரிசு ராமன் ஒருவருக்குத்தான் போயிற்று. வத்திராயிருப்புக்காரர் கிருஷ்ணனுக்குப் பாதி கொடுத்திருக்க வேண்டும் என்று நீ மேஜையைத் தட்டினாய், நான் சிரித்தேன். நீ சொன்னது சரி.

கடைசியாக ஒன்று, இதற்குத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். அவ்வளவு தூரம் வந்த வெளிச்சம் விழித்திரையில் என்ன செய்கிறது தெரியுமா? மடங்கி நிற்கிற ஒரு மூலக்கூறை நிமிர்த்துகிறது. வைட்டமின் ஏ-யின் உறவுக்கார மூலக்கூறு. ஒரு ஃபோட்டான், அதாவது ஒரே ஒரு ஒளிச் சில்லறை, போதும். நிமிர எடுத்துக்கொள்வது 200 பெம்டோ நொடி. ஒரு நொடியைக் கோடியாக வகுத்து, அதில் ஒன்றைப் பத்துக் கோடியாக வகுத்தால் ஒரு பெம்டோ நொடி. இருட்டுக்குப் பழகிய கண்ணில் விழித்திரை அப்படி 5 முதல் 14 ஃபோட்டானை வாங்கிக்கொண்டாலே மனிதனுக்கு ஒளி தெரிந்துவிடும் என்று 1942-இலேயே சோதித்துச் சொன்னார்கள். அவ்வளவு நுட்பமானதை நான் காப்பாற்றாமல் விட்டு, இப்போது அறுநூறு இடத்தில் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

உனக்குச் சர்க்கரை என்னை விட ஆறு வருஷம் மூத்தது. விழித்திரையைக் காட்டினாயா? பவர் பார்த்தேன் என்று சொல்லாதே, அது வேறு, இது வேறு. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து உள்ளே பார்க்க வேண்டும். எனக்கும் பவர் சரியாகத்தான் இருந்தது, வலி இல்லை, மங்கல் இல்லை. ஒன்றும் தெரியாது, தட்சிணா. தெரிகிறபோது நேரம் போயிருக்கும். தங்கச்சியிடம் நானே போன் செய்து கேட்கப்போகிறேன், அதற்குள் நீயாகப் போய்விட்டு வா.

எனக்கு வருகிற வியாழக்கிழமை இரண்டாம் தவணை. கும்பகோணத்தில் காலை முதல் வண்டி ஏறினால் பதினோரு மணிக்குள் இங்கே இருப்பாய், சேர்ந்தே புதுச்சேரி போகலாம். உன் கண்ணையும் அங்கேயே காட்டிவிடலாம். சாயங்காலம் இரண்டு பேருக்கும் பாப்பா விரிந்திருக்கும், அதனால் பாயின் மகனை வண்டியோடு வரச் சொல்லியிருக்கிறேன். பேத்தியும் அன்றைக்கு இருப்பாள். ஒரே ஒரு ஃபோட்டான் தனியாகக் கண்ணாடிக்குள் போனால் அப்போது யார் கூடப் பாடுவது என்று கேட்டு வைத்திருக்கிறாள். எனக்கு முழுசாகச் சொல்ல வரவில்லை, நீ வந்து சொல்.

உன் பழைய கண்ணாடியையும் எடுத்து வா. நோஸ் பேட் தேய்ந்து மூக்கில் தழும்பு விழுந்திருக்கும், மாற்றித் தருகிறேன்.

உன்
பாடலி