எலும்புக்கு மூன்று வாரம்

அன்புள்ள தாயிக்கு,

எலும்பில் குத்தூசி, ஊசி, பதக்கம் செய்யக் கற்றுத்தரும் பயிற்சிக்கு நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். அழகர்கோவில் அடிவாரத் தோப்பு, பாய், தண்ணீர் கேன், 12 பேருக்குச் சாப்பாடு எல்லாம் இருக்கிறது. எலும்புக்கு நேரே மட்டும் "முதல் நாள் கறிக்கடையில் வாங்கணும்" என்று எழுதியிருக்கிறாய். அது சரிப்படாது. முதல் நாள் வாங்கிய எலும்பில் கொழுப்பும் ஜவ்வும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அறுத்தால் ரம்பப் பிளேடு வழுக்கும், தேய்த்தால் உப்புத்தாள் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும், பதினோரு மணிக்குள் ஊர் ஈ எல்லாம் தோப்புக்கு வந்துவிடும். பயிற்சி ஒரு நாள்தான் என்றாலும் எலும்புக்கு மூன்று வாரம் வேண்டும்.

முதலில் எந்த எலும்பு என்று தெரிந்துகொள். குத்தூசி, ஊசி செய்ய ஆட்டுக்கால் போதும். முட்டிக்கும் குளம்புக்கும் நடுவே நேராக ஓடுகிறதே, அந்த ஒற்றை எலும்பு. ஒரு ஆட்டுக்கு 4 கிடைக்கும். 12 பேர் என்றால் உடைவதற்கும் சேர்த்து 16, அதாவது 4 செட் கால். பதக்கம், சீப்பு, பித்தான் மாதிரி தட்டையான வேலைக்கு மாட்டின் அதே இடத்து எலும்பு. சுவர் நல்ல கனமாக இருக்கும். இரண்டு முனையையும் அறுத்துத் தள்ளிவிட்டால் நடுத்தண்டை நீளவாக்கில் 4 பட்டையாகப் பிரிக்கலாம். 4 எலும்பு வாங்கு.

ஆட்டுக்கால் வாங்கும்போது இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடு. ஒன்று, வாட்டாத பச்சைக் கால் வேண்டும். சூப்புக்கு என்று நினைத்து மயிர் பொசுங்க நெருப்பில் காட்டிக் கொடுத்துவிடுவார்கள். சூடு ஏறிய எலும்பு அறுக்கும்போதே பொறுக்கு விடும். இரண்டு, நறுக்கக் கூடாது. கத்தி ஒரு தடவை இறங்கினாலே கண்ணுக்குத் தெரியாத விரிசல் நீளத்துக்கும் ஓடிவிடும், ஊசி பாதி இழைத்தபிறகுதான் அது வெளியே தெரியும். வயசான ஆடாகக் கேள். இளங்குட்டியின் எலும்பில் கீழ்முனை இன்னும் தண்டோடு ஒட்டியிருக்காது, வேகவைத்ததும் தனியே கழன்றுவிடும், பிடி இல்லாத குத்தூசிதான் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை போகாதே, கால் எல்லாம் காலையிலேயே தீர்ந்துவிடும்.

ஆட்டுத்தொட்டியில், அதாவது அறுப்புக்கூடத்தில், சோதித்து முத்திரை வைத்த கறி விற்கும் கடை எதுவோ அங்கே மட்டும் வாங்கு. வயக்காட்டில் கிடக்கிற எலும்பை யாராவது பொறுக்கிக்கொண்டு வந்தால் தொடவிடாதே. அடைப்பான் நோயில் செத்த மாடாக இருந்தால் அந்தக் கிருமி வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், கொஞ்ச நேரம் கொதிக்கவைத்ததால் சாகாது. மான் கொம்பும் தந்தமும் பேச்சுக்கே கூடாது. காட்டில் தானாக உதிர்ந்த கொம்பு என்று சொன்னாலும் சரி, 1972ஆம் வருஷத்து வனஉயிர்ச் சட்டம் இருக்கிறது.

இனி பதப்படுத்துவது. தோலை உரித்து, குளம்பை மூட்டோடு கழற்று. எலும்பின் பின்பக்கம் கயிறு மாதிரி ஒரு வெள்ளை நரம்பு ஓடும், அதை எறியாதே. நிழலில் காயவைத்து, கல்லில் லேசாகத் தட்டினால் இழை இழையாகப் பிரியும். எலும்பு ஊசிக்கு அதைவிடப் பொருத்தமான நூல் இல்லை.

எலும்பை 2 நாள் பச்சைத்தண்ணீரில் ஊறப்போடு, காலையும் மாலையும் தண்ணீரை மாற்று. மதுரை வெயிலில் ஒரு வேளை மறந்தாலும் மாடிவீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார். மாட்டெலும்பை இந்தக் கட்டத்திலேயே முனை அறுத்து, கம்பியால் மஜ்ஜையைக் குத்தி வெளியேற்று. பிறகு 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அடுப்பில் வை. தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்தால் போதும். ஆட்டெலும்புக்கு ஒரு மணி நேரம், மாட்டுக்கு இரண்டு. குக்கரில் போடவே போடாதே. எலும்புக்கு இழுவை கொடுப்பது அதற்குள் இருக்கும் பசைதான். குக்கர் அதைக் கரைத்துச் சூப்பாக்கிவிடும், உனக்குச் சுண்ணாம்புக் குச்சிதான் மிஞ்சும். பிளீச்சிங் பவுடரும் அதே வேலையைத்தான் செய்யும். பளிச்சென்று வெளுக்கும், ஆனால் நகத்தால் சுரண்டினாலே மாவு உதிரும்.

ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒரு வாரம். தண்ணீரின் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறவரை மாற்றிக்கொண்டே இரு. இங்கே அவசரப்பட்டால் பதக்கம் செய்து ஆறு மாதம் கழித்து மஞ்சள் திட்டுத் திட்டாகக் கொழுப்பு வெளியே வரும். அப்புறம் மருந்துக்கடையில் 6% ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி, சம அளவு தண்ணீர் கலந்து பிளாஸ்டிக் வாளியில் ஒரு நாள். மூடியை இறுக்காதே, வாயு கிளம்பும். கையுறை போட்டுக்கொள்.

காயவைப்பது நிழலில், 10 நாள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் நீளவாக்கில் வெடித்துவிடும். கூடையைக் கவிழ்த்து மேலே கல் வை. காக்கையும் நாயும் உன்னைவிட அக்கறையாகக் காத்திருக்கும். தோப்பில் குரங்கும் வரும். எலும்பு அதற்கு வேண்டாம், உங்கள் பைதான் வேண்டும்.

பயிற்சிக்கு முந்தின ராத்திரி எலும்பை மறுபடி தண்ணீரில் போடு. ஊறின எலும்பு பிளேடுக்கு இணங்கிப் போகும், தூசியும் அவ்வளவாகப் பறக்காது. தூசிதான் இந்த வேலையில் பெரிய ஆபத்து. துண்டைக் கட்டிக்கொண்டால் நிற்காது, ஆளுக்கு ஒரு என்95 முகக்கவசம் வேண்டும். காற்று முதுகுப்பக்கம் வருகிற மாதிரி உட்காரவை, ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மக் தண்ணீர். மூச்சு இழுப்பு உள்ளவர்களை அறுக்கிற இடத்திலிருந்து தள்ளி, மெருகு வேலைக்குப் போடு. மாட்டெலும்பு, ஆட்டெலும்பு என்று அழைப்பிலேயே எழுதிவிடு. தொட மனசில்லாதவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை எடுத்து வை, கருவி எல்லாம் அதேதான்.

ஆக்ஸா பிளேடில் ஒரு அங்குலத்துக்கு 24 பல் உள்ளது வாங்கு. 18 பல் ஓரத்தைப் பிய்க்கும். முடி கருகுகிற வாசம் வந்தால் பிளேடு சூடாகிவிட்டது என்று அர்த்தம். நிறுத்தி, தண்ணீர் விட்டு, மெதுவாக இழுக்கச் சொல்.

குத்தூசியை நீயே ஒரு தடவை செய்து காட்டு. ஆட்டெலும்பின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினால் மெல்லிய பள்ளம் ஒன்று நீளத்துக்கும் ஓடுவது தெரியும். இரண்டு எலும்பு ஒன்றாகச் சேர்ந்த தழும்பு அது, பின்பக்கமும் இருக்கும். கீழ்முனையில் உருளை மாதிரி இரட்டை மூட்டு இருப்பதும் அதனால்தான். பிளேடால் முன்பள்ளத்தையும் பின்பள்ளத்தையும் உள்ளே பொந்து தட்டுப்படும்வரை கீறு. பிறகு இரட்டை மூட்டின் நடுவே உளியை வைத்து மரக்கட்டையால் ஒரு தட்டு. பருப்பு மாதிரி இரண்டாகப் பிளக்கும். ஒரு பக்கம் மட்டும் கீறிவிட்டு அவசரப்பட்டுத் தட்டினால் பிளவு குறுக்கே ஓடி முனை இல்லாமல் போகும். 12 பேரில் நாலு பேராவது இதைச் செய்வார்கள், அதற்குத்தான் கூடுதல் எலும்பு.

மூட்டுள்ள பாதி கைப்பிடி, மறுமுனை கூர். துவைக்கிற கல்லில் ஆற்றுமணலும் தண்ணீரும் தெளித்து, நீளவாக்கிலேயே தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்த கோடு கடைசிவரை போகாது. கூரை ஒரேயடியாக மெலிய விடாதே, முதல் குத்திலேயே முறியும். ஊசி செய்கிறவர்கள் நூல் கோக்கும் காதை முதலில் துளைக்கட்டும், இழைப்பது அப்புறம். இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதி. மெலிந்தபிறகு துளைத்தால் பிளந்துவிடும்.

மெருகுக்கு உப்புத்தாள் 120, 220 நம்பர், அப்புறம் வாட்டர் பேப்பர் 400, 800 நம்பர். கடைசியில் சாக்பீஸ் பொடியை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம், சிக்கு வாடை வரும். தேன்மெழுகு லேசாகப் போடு. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் நிழலிலேயே வைக்கச் சொல், ஈரம் உள்ளே இருக்கும்.

நேரம் இருந்தால் முந்தின நாள் எல்லாரையும் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போ. அங்கே கிடைத்த எலும்பு முனைகள் நெசவுக்குப் பயன்பட்டவை என்று கருதுகிறார்கள். முனையில் படிந்த மினுமினுப்பை உற்றுப் பார்த்தவர்கள் மறுநாள் மெருகு வேலையில் அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.

துளை போடுகிற துறப்பணம், எலிவால் அரம் இரண்டு, சி கிளாம்ப் மூன்று இங்கிருந்து பஸ்ஸில் போட்டு விடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டாய் என்று பார்த்துச் சொல்.

அப்பா