தோட்டத்துப் பேறுகால ஏட்டையும் படியுங்கள்: குடிவரவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் உறவுமுறை விசா மனுக்களை ஆராயும் குடிவரவு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கே செவிலியராகப் பணிபுரியும் என் மூத்த மகள், என்னையும் என் மனைவியையும் அழைத்துக்கொள்வதற்காக அளித்த மனுக்களுக்குக் கூடுதல் ஆவணங்கள் கேட்டு நீங்கள் அனுப்பிய அறிவிப்பு அவளுக்கு வந்து சேர்ந்தது. முறைப்படியான பதிலை அவளே அனுப்புகிறாள். நான் இதைத் தனியாக, எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. கேரளத்தின் மூணாறு, தேவிகுளம், பீருமேடு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று வெளிநாடுகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டுக் காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தாலும் எங்கள் கட்டில் இருக்கும் அதே ஓட்டைகள்தாம் இருக்கும்.

மகளின் பிறப்பு, பிறந்து ஓராண்டு கழிந்த பிறகே பதிவாகியிருப்பதால் அந்தச் சான்றிதழை மட்டும் வைத்து உறவை ஏற்க இயலாது என்றும், பிறந்த காலத்தை ஒட்டி எழுதப்பட்ட வேறு சான்றுகள் வேண்டும் என்றும் அறிவிப்பு சொல்கிறது. கேள்வி நியாயமானதுதான். 1983-இல் பிறந்தவளுக்கு 2001-இல் பதிவான சான்றிதழைக் காட்டினால் யாருக்கும் ஐயம் வரும். ஆனால் அந்தத் தாமதம் எங்கே, யாரால் ஏற்பட்டது என்று பார்க்காமல் அதை எடைபோட முடியாது.

இந்தியாவின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. வீட்டில் நடக்கும் பிறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியவர் குடும்பத் தலைவர் என்று அதன் 8-ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்து வரும் 9-ஆம் பிரிவு தோட்டங்களுக்கென்றே எழுதப்பட்டது. தேயிலை, காப்பி, மிளகு, ரப்பர், ஏலம், சின்கோனா பயிரிடும் நான்கு ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தில் ஒரு குழந்தை பிறந்தால், அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியவர் தோட்டத்தின் கண்காணிப்பாளரே. பெற்றவர்கள் அல்லர். லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருப்பவன் எஸ்டேட் டிஸ்பென்சரியில் சொன்னால் போதும், மற்றது ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் இங்கே நடைமுறையாகவும் இருந்தது. எங்கள் மகள் விஷயத்தில் டிஸ்பென்சரி எழுதிக்கொண்டது. பிறப்பைப் பதியும் பஞ்சாயத்துக்குத் தகவல் போகவில்லை. கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் கேட்டுப் போனபோதுதான் அது தெரிந்தது. பிறகு தாமதப் பதிவுக்கான 13-ஆம் பிரிவின்படி தேவிகுளம் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்ட அதிகாரியிடம்) உத்தரவு பெற்றுத்தான் பதிவு செய்தோம். அந்த உத்தரவின் நகலும் பதிலோடு வருகிறது.

ஆகவே நீங்கள் கேட்கும், பிறந்த காலத்தில் எழுதப்பட்ட சான்று பஞ்சாயத்தில் இருக்காது, தோட்டத்தில்தான் இருக்கும். எங்களுக்கு அதிர்ஷ்டம், அது இன்னும் இருக்கிறது. கறுப்புக் காலிகோ அட்டை போட்ட நீண்ட புத்தகம். ஓரங்களை ராமபாணப்பூச்சி அரித்திருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு பிரசவம். தேதி, டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), லயத்து எண், தாயின் செக்ரோல் எண் (தொழிலாளர் பேரேட்டில் அவளுக்குரிய எண்), ஆணா பெண்ணா, எடை எத்தனை பவுண்டு, கடைசியில் மருத்துவச்சியின் கையெழுத்து. தாயின் பெயரோ குழந்தையின் பெயரோ அதில் இல்லை. பெயரே இல்லாத ஏடு எப்படிச் சான்றாகும் என்று நீங்கள் நினைக்கக்கூடும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குச் செக்ரோல் எண்தான் ஆள். கொழுந்து நிறுக்கும் இடத்திலும், சம்பளச் சீட்டிலும், பி.எஃப். நாமினி படிவத்திலும், பணிக்கொடைத் தாளிலும் என் மனைவிக்கு ஒரே எண். பேறுகால ஏட்டில் இருப்பதும் அதே எண். நாமினி படிவத்தில் அந்த எண்ணுக்கு நேரே அவளுடைய பெயரும், கணவன் என்று என் பெயரும், மகளின் பெயரும் வயதும் உள்ளன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயரில்லாத வரிக்குப் பெயர் கிடைத்துவிடும்.

அதைவிட உறுதியான ஒன்று சம்பளப் பேரேட்டில் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் தோட்டங்களுக்கும் பொருந்தும். அப்போது அது அதிகபட்சம் 12 வாரச் சம்பளம்; 26 வாரமாக உயர்ந்தது 2017-இல்தான். 1983-இல் என் மனைவியின் எண்ணுக்கு நேரே அந்த வாரங்களில் கொழுந்து எடை எதுவும் இல்லை, பேறுகாலப் பணம் மட்டும் எழுதியிருக்கிறது. அந்தப் பணம் டிஸ்பென்சரிச் சீட்டு இல்லாமல் கிடைக்காது. பிள்ளை பிறக்காமல் பேறுகாலப் பணம் கொடுத்த எஸ்டேட் எதுவும் இந்த மலையில் கிடையாது என்று நான் துணிந்து சொல்வேன். அந்த ஆபீஸில் எழுத்தனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆனால் நான் ஆபீஸுக்கு மாற்றலானது 1988-இல். அந்த வரிகள் எழுதப்பட்டபோது மலையில் மருந்தடித்துக்கொண்டிருந்தேன். ஏட்டில் என் கை இருக்குமோ என்ற கேள்வி எழாமல் இருக்க இதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள் எப்படி என்பது கேள்வி. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை; தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போடுவோம். பாஸ்போர்ட் எடுக்கும்போது என் தகப்பன் பெயர் எனக்கும், என் பெயர் என் மனைவிக்கும், மருமகன் பெயர் என் மகளுக்கும் குடும்பப் பெயர் ஆயின. இதோடு கேரளத்துப் படிவங்களில் வீட்டுப்பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. மலையாளிகளுக்குத் தறவாட்டுப் பெயர் இருக்கும். லயத்தில் ஒற்றை அறையில் இருந்தவனுக்கு ஏது? எழுதுபவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட மனமில்லாமல் டிவிஷன் பெயரையும் லயத்து எண்ணையும் எழுதிவிடுவார். மகளின் பஞ்சாயத்துச் சான்றிதழில் அவள் பெயருக்கு முன்னால் உள்ள சொற்கள் அவைதாம். அவற்றை வேறொரு ஆளின் பெயராகக் கொள்ள வேண்டாம்.

எங்கள் கல்யாணம் 1981 தை மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. எந்த மதத்தாரானாலும் பதிவு செய்ய வேண்டும் என்ற பொது விதிகள் கேரளத்தில் 2008-இல்தான் வந்தன. நாங்கள் பதிந்தது அதற்கும் பிறகு. போடியில் அச்சடித்த பத்திரிகையும் மொய் நோட்டும் இருக்கின்றன. மொய் நோட்டை அனுப்பினால் சிரிப்பார்களோ என்று மகள் தயங்கினாள், அனுப்பச் சொன்னேன். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று ஊரே சாட்சியாக நிற்கும் ஏடு அது.

என்னுடைய பிறப்புக்குப் பஞ்சாயத்தில் பதிவு இல்லை. பதிவுச் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறைக்கு வந்த 1970-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பதிவு இல்லை என்ற சான்றும் துணை ஆவணங்களும் போதும் என்ற வழி உங்கள் நடைமுறையிலேயே இருப்பதால் நான் அதிகம் எழுதவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் என் பிறப்பு கொல்லம் ஆண்டு 1130 கும்ப மாதம் என்றும், ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக் கோட்டயம் மாவட்டம் என்றும் உள்ளது. கும்பம் எங்கள் மாசி. தையிலிருந்து ஆடி வரையான கொல்லம் தேதிக்கு 825 கூட்ட வேண்டும் என்பதால் அது 1955 பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி வரும். கேரளம் 1956 நவம்பர் 1-இல் உருவானது; இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26-இல் பிறந்தது. பாஸ்போர்ட்டில் இடுக்கி என்று இருப்பதும் பள்ளியில் கோட்டயம் என்று இருப்பதும் ஒரே ஊர்தான். நான் இடம் மாறவில்லை.

மரபணுச் சோதனைக்கும் தயாராக இருக்கிறோம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுப்பார்கள் என்று சொன்னதும், அதை முதலிலேயே கேட்டிருக்கலாமே என்றாள் என் மனைவி. ஆனால் செலவு மனு போட்டவர் தலையில்தான் விழும்; எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கட்டுப்படியாகாது.

உங்கள் விதிப்படி இத்தகைய அறிவிப்புக்குப் பதில் தர அதிகபட்சம் 84 நாள்களும் தபாலுக்குச் சில நாள்களுமே உண்டு, நீட்டிப்புக் கிடையாது, எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டும், பாதியை அனுப்பினால் கையில் உள்ளதை வைத்தே முடிவெடுப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். விதியை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. மூணாறு மலைப்பாதையான கேப் ரோட்டில் மண் சரிந்தால் பஸ் நிற்கும், மேனேஜர் ஊரில் இருக்கமாட்டார், பழைய ஏடு எந்த அலமாரியில் என்று தெரிந்தவர் ஓய்வு பெற்றிருப்பார். ஆனாலும் எதைத் தேட வேண்டும் என்று முதல் நாளே தெரிந்தால் 84 நாளில் தேடி எடுத்துவிடலாம். மருத்துவமனைப் பதிவு, பள்ளிப் பதிவு, உறுதிமொழிப் பத்திரம் என்று நீங்கள் இடும் பட்டியலில், தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தோட்டத்தின் பேறுகால ஏடும் சம்பளப் பேரேடும் ஏற்கப்படும் என்று ஒரு வரி சேருங்கள். கேட்பது அவ்வளவுதான்.

ஏடே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பீருமேட்டில் 2000-ஐ ஒட்டி மூடிய தோட்டங்களின் ஆபீஸ்களில் கூரையே இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனபோது, தப்பியவர்களின் டிரங்குப் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. அவர்கள் பிள்ளைகளின் மனு உங்கள் மேசைக்கு வந்தால், பிறப்பை நேரில் அறிந்த இருவரின் உறுதிமொழிப் பத்திரங்கள் போதும் என்ற உங்கள் சொந்த விதியை, உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றால் ஏற்கலாம் என்ற உங்கள் அளவுகோலோடு சேர்த்துப் படியுங்கள்.

எங்கள் ஏட்டின் நகலில் மேனேஜரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ளன. மலையாளத்திலும் தமிழிலும் இருப்பவற்றுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் சான்றும் இணைத்திருக்கிறோம். மூல ஏட்டைத் தோட்டத்தை விட்டு வெளியே தரமாட்டார்கள்; உங்கள் துணைத் தூதரகத்திலிருந்து யாரேனும் வந்து பார்க்க விரும்பினால், வேலை நாள்களில் காலை எட்டு மணிக்கு மேல் ஆபீஸ் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் எழுத்தர்,
மறையூர், இடுக்கி மாவட்டம்