சீகன்பால்க் படித்த ஊரிலிருந்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எங்களுக்கு நிம்மதி. இனிமேலாவது அடுப்புப் புகைப் பக்கம் போகவேண்டாம் என்று உன் தங்கை சொல்லச் சொன்னாள். அம்மா கேட்கமாட்டார்கள் என்றும் அவளுக்குத் தெரியும்.

ஜெர்மனியில் கிறிஸ்தவக் கோயில்களெல்லாம் காலியாகிவிட்டதாமே, புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு வழிதிறந்த லுத்தர் பிறந்த நாட்டுக்கா இந்தக் கதி என்று கேட்டிருந்தாய். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. முன்பு நாங்கள் இருந்த தெற்குப் பக்கத்துப் பவேரியாவும், இப்போது இருக்கும் கிழக்குப் பக்கத்து ஹாலேயும், அதாவது மிஷனரி சீகன்பால்க் படித்த ஊரும், ஒரே நாட்டின் இரண்டு பகுதிகள்தான். ஆனால் கிறிஸ்தவம் கண்ணில் படுகிற விஷயத்தில் இரண்டும் வேறு வேறு உலகம்.

பவேரியாவில் நீ தேடிப்போக வேண்டியதே இல்லை. ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் கடவுள் பெயரைச் சொல்லித்தான் வணக்கம் வைப்பார்கள். காலை, நண்பகல், மாலை என்று மணி அடிக்கும். வயல் வரப்பில் மரச்சிலுவை, மலை உச்சியில் இரும்புச் சிலுவை. ஜனவரி 6 வந்தால் சின்னப் பிள்ளைகள் மூன்று ராஜாக்கள் வேஷத்தில் வீடு வீடாக வந்து பாடி, ஏழைப் பிள்ளைகளுக்காகக் காசு வாங்கிக்கொண்டு, நிலைப்படியின் மேல் சாக்கட்டியால் அந்த வருஷத்தையும், கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக என்ற லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகளான சி, எம், பி என்ற மூன்று எழுத்துகளையும் எழுதிவிட்டுப் போவார்கள். நம் ஊர் பஜனைக்காரர்கள் ராத்திரி கதவைத் தட்டுவது ஞாபகம் வரும். நற்கருணைத் திருநாளில் மியூனிக் நடுத்தெருவில் பேராயரே பவனியில் நடந்து வருவார்.

விடுமுறை விஷயம் இன்னும் ஆச்சரியம். ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். பவேரியாவிலேயே ஒரு ஊரில் அன்று கடை மூடியிருக்கும், பக்கத்து ஊரில் திறந்திருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எந்த ஊரில் புராட்டஸ்டன்ட்களைவிடக் கத்தோலிக்கர் அதிகமோ அந்த ஊருக்கு மட்டும் விடுமுறை! புனித வெள்ளியன்று பொது இடத்தில் நடன நிகழ்ச்சி நடத்தச் சட்டமே தடை போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பு நாடு முழுவதற்கும் பொது. 1919இல் எழுதிய வைமார் அரசியலமைப்பின் ஞாயிறு ஓய்வுப் பிரிவை இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் வரி. புது ஊருக்குப் போனால் நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். அந்தப் படிவத்திலேயே நீ எந்தச் சபை என்ற கேள்வி இருக்கும். லுத்தரன் என்று எழுதினேன். அதிலிருந்து சம்பளத்தில் திருச்சபை வரி பிடிக்கிறார்கள். பவேரியாவில் வருமான வரித் தொகையில் 8 சதவீதம், இங்கே ஹாலேயில் 9. அரசாங்கமே வசூலித்துச் சபைக்குக் கொடுத்துவிடுகிறது. வேண்டாம் என்றால் அலுவலகத்துக்குப் போய்ச் சபையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்கவேண்டும். வருஷா வருஷம் லட்சக்கணக்கானோர் அப்படி விலகுகிறார்கள். 2022 வாக்கில் கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் என்ற இரண்டு பெரிய சபைகளையும் சேர்த்தே நாட்டில் பாதிப் பேர்கூட இல்லை என்றாகிவிட்டது. காணிக்கைப் பையும் அறுப்பின் பண்டிகை ஏலமுமாக நம் சபை ஓடுவதை நினைத்துப் பார். ஒரு பூசணிக்காயை ஐந்நூறு ரூபாய்க்கு ஏலம் எடுப்பவருக்குத் தான் ஏன் கொடுக்கிறோம் என்று தெரியும். சம்பளச் சீட்டில் தானாகக் கழிகிற தொகைக்கு அந்த உறவு கிடையாது. இங்கே சபை இளைத்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

2018இல் பவேரிய அரசு, மாநில அலுவலகம் ஒவ்வொன்றின் வாசலிலும் சிலுவை மாட்டவேண்டும் என்று உத்தரவு போட்டது. பவேரியாவின் பண்பாட்டு அடையாளம் என்று காரணம் சொன்னார்கள். நீ சந்தோஷப்பட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். எனக்கு மனசு ஒப்பவில்லை. மியூனிக் கர்தினால் ராய்ன்ஹார்ட் மார்க்ஸும் வெளிப்படையாக எதிர்த்தார். சிலுவையைப் பண்பாட்டுச் சின்னமாக மட்டும் பார்த்தால் அதைப் புரிந்துகொள்ளவே இல்லை என்றார். நான் அவர் பக்கம். வழக்கு நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம்வரை போய், மாட்டியது மாட்டியபடியே இருக்கலாம் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

இனி ஹாலே. அது இருக்கும் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் எந்தச் சபையிலும் இல்லை. விலகினவர்களைவிட, சபைக்குள் ஒருநாளும் வராதவர்கள்தான் அதிகம். அப்பா அம்மாவும் இல்லை, தாத்தா பாட்டியிலேயே விட்டுப்போனது. இத்தனைக்கும் லுத்தர் பிறந்ததும் இறந்ததும் இந்த மாநிலத்து ஐஸ்லேபனில்தான். 1546இல் அவர் உடலை வித்தன்பர்க்குக் கொண்டுபோகும் வழியில் எங்கள் ஊர் சந்தைக் கோயிலில் ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். அவர் முகத்தில் எடுத்த மெழுகு அச்சு இன்னும் அங்கே இருக்கிறது. அதைச் சுற்றுலாக்காரர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் காய்கறி வாங்குகிறவர்களில் பலர் உள்ளே ஆராதனைக்கு என்று போனதே இல்லை.

இது தானாக நடந்த மாற்றம் இல்லை. இந்தப் பகுதி தனி நாடான கிழக்கு ஜெர்மனியாக இருந்தபோது, கம்யூனிஸ்ட் ஆட்சி 1950களிலேயே, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் திடப்படுத்தலுக்குப் பதிலாக 14 வயதுப் பிள்ளைகளுக்கு என்று ஒரு மதச்சார்பற்ற உறுதிமொழி விழாவைக் கொண்டுவந்தது. அதில் சேராமல் கோயிலையே பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பலருக்கு மேல்படிப்புக் கதவு மூடியது. எந்தத் தகப்பனும் என்ன செய்வான், சொல். லைப்சிக்கில் உலகப்போரின் குண்டுகளுக்குத் தப்பிய பல்கலைக்கழகக் கோயிலை 1968 மே 30 அன்று வெடி வைத்தே தகர்த்தார்கள். அதே லைப்சிக்கில்தான், புனித நிக்கோலாஸ் கோயிலில் 1982 முதல் திங்கள்தோறும் நடந்த சமாதான ஜெபத்திலிருந்து மக்கள் வீதிக்கு வந்தார்கள். 1989 அக்டோபர் 9 அன்று கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேர் நடந்தார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. அடுத்த மாதமே பெர்லின் சுவர் விழுந்தது. அதற்குப் பிறகு ஜனங்கள் கோயிலுக்குத் திரும்புவார்கள் என்று பல போதகர்கள் நம்பியிருந்தார்கள். திரும்பவில்லை.

ஆனாலும் இங்கே மனசைத் தொடுகிற ஒன்று உண்டு. சுற்றிலும் கிராமத்துக்கு ஒரு பழைய கோயில். ஒரே போதகர் ஐயர் பல ஊர்களைப் பார்த்துக்கொள்கிறார். கூரை ஒழுகினால், ஞானஸ்நானம்கூடப் பெறாத ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்து, கேக் விற்று, காசு சேர்த்துக் கோபுரத்தைச் சரிசெய்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "எங்க ஊர்க் கோயில் இடியக் கூடாது" என்பார்கள். இதை விசுவாசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றுமில்லை என்றும் சொல்லத் தெரியவில்லை.

லைப்சிக் புனித தோமா கோயிலுக்கும் அப்படித்தான் கூட்டம் வருகிறது. இசையமைப்பாளர் பாக் வேலை பார்த்த கோயில். அவர் கல்லறையும் அங்கேதான். வெள்ளி, சனிகளில் சிறுவர் பாடகர் குழு பாடும்போது உட்கார இடம் இருக்காது. ஒரு தடவை அவர்கள் பாடிய ராகம் எனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நம் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் இருப்பதுதான். ஹாலேயில் படித்துவிட்டு நம் பக்கம் வந்த மிஷனரி பப்ரிசியஸ் ஐயர் ஜெர்மன் பாட்டுகளை எத்தனை தமிழில் கொடுத்திருக்கிறார்! சுற்றியிருந்தவர்கள் இசை கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் வாய்க்குள் தமிழில் பாடிக்கொண்டிருந்தேன்.

ஹாலேயில் போதகர் பிராங்கே தொடங்கிய நிறுவனத்துக்கும் போய்வந்தோம். 1698இல் பிராங்கே எழுப்பத் தொடங்கிய அநாதை இல்லக் கட்டடம் நீள நெடுக அப்படியே நிற்கிறது. சீகன்பால்க் 1703இல் கொஞ்ச காலம் இந்த ஊரில்தான் படித்தார்; 1706இல் நம் தரங்கம்பாடியில் இறங்கினார். இங்கே வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலேறி நம் ஊருக்கு வந்தன, 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. நம் பக்கத்திலிருந்து வந்த பனையோலைச் சுவடிகள் இவர்கள் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அனுப்பின ஊரில் ஞாயிறு ஆராதனைக்கு முன்வரிசை மட்டும் நிறைகிறது. சீகன்பால்க் 1718இல் கட்டிய புதிய எருசலேம் கோயிலில் நீங்கள் இன்றைக்கும் திருவிருந்து எடுக்கிறீர்கள். இதை நினைத்தால் எனக்குப் பெருமையும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. பெருமை உங்களை நினைத்து.

இப்போது வீட்டு விஷயம். மகளுக்கு 14 ஆகப்போகிறது. வகுப்பில் பெரும்பாலானோர் அந்த உறுதிமொழி விழாவுக்குத்தான் போகிறார்கள். கட்டாயம் போய் பல வருஷம் ஆகியும் விழா நின்றுவிடவில்லை. புது உடை, விருந்து, பரிசு என்று பள்ளியே அமர்க்களம். நாங்கள் ஒன்றும் வற்புறுத்தவில்லை. அவளாகவே திடப்படுத்தல் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். வகுப்பில் அவளோடு இன்னும் ஒரு பையன்தான். "நீங்க இன்னுமா கடவுளை நம்புறீங்க?" என்று கூடப்படிக்கிறவர்கள் கேட்கிறார்களாம். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்கிறார்கள். அவளும் தெரிந்தவரை பதில் சொல்கிறாள். நம் வயதில் நம்மிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. வகுப்பே சேர்ந்து போனது, நாமும் வரிசையில் நின்றோம். பவேரியாவிலேயே இருந்திருந்தால் இவளும் அப்படித்தான் நின்றிருப்பாள். அதனால்தான், எங்களுக்கு இந்த ஊர் சரியான ஊர் என்று நினைக்கிறேன்.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று ஆராதனை. அதற்கு முன்னால் நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுது. புத்திமதி வேண்டாம். 2004 சுனாமி அன்றைக்குக் கோயிலில் யார் யார் வந்து தங்கினார்கள், யார் சமைத்தார்கள் என்று எனக்குச் சொன்னாயே, அதை எழுது. தமிழிலேயே எழுது, எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாள். தாளில் எழுதித் தபாலில் அனுப்பு.

அம்மாவுக்கு எங்கள் ஸ்தோத்திரம்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்